பட்டாளத்தார் சொன்னதும் நாம் கேட்டதும்: போர் அனுபவப் பதிவுகள் பற்றி

நெடுநல்வாடை முடியும் இடத்தில் ஒரு பாசறைக் காட்சி வருகிறது. நள்ளிரவு. வாடைக் காற்றில் விளக்குகளின் சுடர் சாய்கிறது. உறக்கம் வராத அரசன், புண்பட்டுக் கிடக்கும் வீரர்களைப் பார்க்கக் கிளம்புகிறான். வேப்பந்தழை கட்டிய வேலோடு முன்னே நடப்பவன், இவர் இன்னார் என்று ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே போகிறான். நக்கீரர் அரசனின் மனத்தை எழுதினார், குதிரைகள் உடலை உதறுவதையும் எழுதினார். காயம்பட்டவர்கள் அரசனிடம் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை.

தமிழில் போர் பற்றிய எழுத்து பெரும்பாலும் இந்தப் போக்கில்தான் வந்திருக்கிறது. வீரனைப் போற்ற நமக்கு ஈராயிரம் ஆண்டுச் சொல்வளம் இருக்கிறது. வெட்சி, கரந்தை, தும்பை என்று போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ வைத்திருக்கிறோம். ஆனால் களத்தில் நின்றவனே தன் வாயால் சொன்னது எவ்வளவு இருக்கிறது என்று தேடினால் கை வறண்டுபோகிறது. புறநானூற்றில் புலவர் பேசுகிறார், பாணர் பேசுகிறார், மகனைக் களத்துக்கு அனுப்பிய தாய் பேசுகிறாள், அரசர் சிலர் வஞ்சினம் கூறுகிறார்கள். காலாட்படை வீரனின் பேச்சு மட்டும் அபூர்வம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்களும், செங்கம் பகுதியில் வரிசையாகக் கிடைத்த பல்லவர் கால நடுகற்களும் பெயரையும் ஊரையும் ஆநிரைப் பூசலையும் சொல்கின்றன. இறந்தவனைப் பற்றி இருப்பவர்கள் வெட்டிவைத்த செய்தி அது. கலிங்கத்துப் பரணியிலோ காளிக்குப் போர்க்களத்தை விவரிக்கும் பொறுப்பை ஜெயங்கொண்டார் ஒரு பேயிடம் கொடுத்துவிட்டார். படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானின் சிப்பாய்களில் உயிரோடு திரும்பிய ஒருவனுக்கும் அங்கே பேச இடமில்லை.

சாதாரணச் சிப்பாய்களின் சொல் நம் வரலாற்றில் அதிக அளவில் எழுத்தில் ஏறிய முதல் தருணங்களில் ஒன்று வேலூர். 1806 ஜூலை 10 கிளர்ச்சிக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த விசாரணையில் சிப்பாய்கள் வாக்குமூலம் தந்தார்கள். புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் காதணிக்கும் விதித்த தடை, தாடி மீசைக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் சொன்னவை ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கின்றன. தூக்குக் கயிற்றையோ பீரங்கி வாயையோ எதிரே வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளன் வழியாகப் பேசிய பேச்சு அது. அதை அனுபவப் பகிர்வு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அதற்கு முன்பு எழுத்தில் இவ்வளவுகூடக் கிடைக்கவில்லை.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறுகிறது. முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். பிரான்சில் இருந்தவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை பிரிட்டிஷ் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, பகுதிகளை மொழிபெயர்த்து அறிக்கையாக்கினார்கள். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் அழிந்துபோக, உளவு பார்க்கத் தயாரித்த அந்த அறிக்கைகள்தான் லண்டனில் மிஞ்சியிருக்கின்றன. டேவிட் ஒமிஸ்ஸி அவற்றிலிருந்து தொகுத்த நூல் 1999இல் வந்தது. இத்துறையில் ஒரே ஒரு புத்தகம் படிக்க முடியும் என்றால் அதைத்தான் கையில் எடுக்கச் சொல்வேன். எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்த தோழனிடம் சொல்லி எழுதுகிறான். ஊரில் இன்னொருவர் அதை உரக்கப் படிக்க, வீடு முழுக்கக் கேட்கிறது. இத்தனை காதுகளுக்கு நடுவே ஒருவன் எதைச் சொல்ல முடியும்? கருப்பு மிளகு தீர்ந்துவருகிறது, இனிச் சிவப்பு மிளகு செலவாகும் என்று எழுதினார்கள். இந்தியப் படையும் வெள்ளைப் படையும் என்று அதற்குப் பொருள். தணிக்கை அதிகாரிக்கும் அது புரிந்துவிட்டது. பிரைட்டன் அரண்மனையை ஆஸ்பத்திரியாக்கிக் காயம்பட்டவர்களைப் படுக்கவைத்தபோது அரசரின் அன்பைப் புகழ்ந்து எழுதிய கடிதங்களும் அதே தொகுப்பில் இருக்கின்றன. புகழ்ச்சி எது, தணிக்கைக்காரருக்காகப் போட்ட வேஷம் எது என்று பிரிப்பது எளிதல்ல. ஒரே மனிதன் இரண்டையும் மனதார எழுதியிருக்கக்கூடும் என்பதே என் எண்ணம்.

இன்னொரு சேகரம் பெர்லினில் இருக்கிறது. நகருக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃபில் இருந்த பிறை நிலா முகாமில் அடைபட்ட போர்க்கைதிகளின் குரல்களை ஜெர்மானிய மொழியியலாளர்கள் இசைத்தட்டுகளில் பதிந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது உச்சரிப்பு மட்டும். 1916 டிசம்பரில் மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் ஒலிப்பதிவுக் குழலின் முன் நின்று, ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்றான், இப்போது ஊருக்குப் போக ஏங்குகிறான் என்று கதைபோலச் சொன்னார். தன் வேதனையைச் சொல்ல அவருக்குப் படர்க்கைதான் வாய்த்தது. ஃபிலிப் ஷெஃப்னர் 2007இல் எடுத்த 'தி ஹாஃப்மூன் ஃபைல்ஸ்' அந்தக் குரலைத் தேடிப் போகும் ஆவணப்படம்.

இந்தச் சேகரங்களில் தமிழ்க் குரல் ஏன் இவ்வளவு குறைவு? பதில் ஆள்சேர்ப்புக் கொள்கையில் இருக்கிறது. 1880களில் சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்க்குப் போர்க்குணம் மங்கிவிட்டது என்று நம்பினார். 'போர்க்குடிகள்' என்ற கோட்பாடு வலுத்து, வடமேற்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆள் எடுத்தார்கள். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரில்தான் மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. நடுவில் தாக்குப்பிடித்தவர்கள் பெங்களூரை மையமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள், ராணுவ வட்டாரத்தில் இன்றும் 'தம்பிகள்' என்று அழைக்கப்படுபவர்கள். அவர்களில் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன், 1944இல் இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் தன் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றார். அந்த விருதுக் குறிப்பு எழுதப்பட்ட முறையும் செங்கத்து நடுகல் எழுதப்பட்ட முறையும் ஒன்றே: பெயர், இடம், செயல், சாவு. அவர் அருகே நின்று பிழைத்தவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று அறியவே நான் ஆசைப்படுகிறேன். அது குறிப்பில் அடங்காத கதை.

பக்கத்து மொழியைப் பார்க்கும்போது ஏக்கம் கூடுகிறது. மலையாளத்தில் 'பட்டாளக் கதைகள்' என்று ஒரு தனி வகையே இருக்கிறது. கோவிலன், பாறப்புறத்து, நந்தனார் மூவரும் படையில் வேலை பார்த்தவர்கள். பாறப்புறத்தின் 'நிணமணிஞ்ஞ கால்ப்பாடுகள்' 1955இல் வந்து பின்னர் திரைப்படமும் ஆனது. பாரக் வாழ்க்கை, லீவுக்கான காத்திருப்பு, மணியார்டரை எதிர்பார்க்கும் வீடு, மேலதிகாரியின் அவமதிப்பு, பசி ஆகியவற்றைத்தான் அவர்கள் எழுதினார்கள். துப்பாக்கிச் சத்தம் குறைவாகவே கேட்கும். தமிழிலும் பட்டாளத்திலிருந்து திரும்பி எழுதியவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அது ஒரு மரபாகத் திரளவில்லை. கிராமத்து நூலகமும் வார இதழும் அங்கே சிப்பாயை எழுத்தாளனாக்கின. இங்கே மேடை அவனைப் பேசுபொருளாக்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. தேசியம் பேசியவர்களும் திராவிடம் பேசியவர்களும் புறநானூற்றுத் தாயை மேடைக்கு மேடை அழைத்து வந்தார்கள். அவள் மகனுக்கு ஒலிபெருக்கி கிடைக்கவில்லை.

வாய்மொழியில் நிலைமை வேறு. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைக் காண்பதே அரிது. ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர். அப்படிப்பட்ட ஊர்களிலும், அப்படிப் பெயர் வாங்காத நூறு ஊர்களிலும், டிரங்குப் பெட்டியோடு லீவில் வந்த மிலிட்டரிக்காரர் டீக்கடை பெஞ்சில் கதை சொல்லியிருக்கிறார். கேட்பவர்கள் பனியைப் பற்றியும் பாகிஸ்தானைப் பற்றியும் கேட்டார்கள்; அவரும் அதைச் சொன்னார். இந்தி தெரியாமல் முதல் ஆறு மாதம் பட்ட பாட்டையும், பிள்ளை பிறந்த சேதி தாமதமாகத் தெரிந்ததையும் யாரும் கேட்கவில்லை. வியப்போடு கேட்பவர் முன்னால் வியப்புக்குரியதை மட்டும் சொல்லவே மனிதனுக்குத் தோன்றும். ஊரார் அவர்மேல் வைத்திருந்தது உண்மையான மரியாதைதான். அந்த மரியாதையே அவர் கதையின் பாதியை உள்ளே தங்கவைத்துவிட்டது.

இந்திய தேசிய ராணுவம் பற்றிய எழுத்தில் இந்தக் கட்டு கொஞ்சம் தளர்கிறது. 1943இல் சிங்கப்பூரில் உருவான ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர்களில் பெரும் பங்கினர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அதற்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி தன் நினைவுகளை எழுதினார். படித்த குடும்பத்திலிருந்து போன ராசம்மா பூபாலன், ஜானகி ஆதி நாகப்பன் போன்றோரின் நினைவுகளும் பதிவாகியுள்ளன. பால்வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்த பெண்ணின் சொந்தச் சொல் இவற்றோடு ஒப்பிட மிகக் குறைவு. புனைவில் ப. சிங்காரம் துணைக்கு வருகிறார். 'புயலிலே ஒரு தோணி'யைப் பலரும் கொண்டாடுகிறோம். 'கடலுக்கு அப்பால்' நாவலை இந்தக் கோணத்தில் படிக்கவேண்டும். ஐ.என்.ஏ.வில் இருந்து திரும்பிய செல்லையாவுக்குப் பெண் கொடுக்க வட்டிக்கடை முதலாளி மறுக்கிறார். பட்டாளம் போனவன் இனிக் கடைக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணக்கு. கொடியையும் முழக்கத்தையும் கொண்டாடிய சமூகம், திரும்பி வந்தவனை வீட்டுக்குள் எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் நின்றதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன நாவல்கள் தமிழில் அதிகமில்லை.

ஆயுதம் ஏந்தியவர்களே எழுதியது தமிழில் செழித்த இடம் ஈழம். அரசுப் படையின் சேவையும் இயக்கப் போராளியின் வாழ்வும் ஒன்றல்ல. ஆனால் போரைச் சொந்த வாயால் சொல்லும் தமிழ் அங்கேதான் உருவானது என்பதை மறைத்து இத்துறையை மதிப்பிட முடியாது. கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இலேயே இயக்கத்துக்குள் நடந்த கொடுமையைச் சொல்லிவிட்டது. களத்தில் இருந்தபடியே மலரவன் எழுதிய 'போர் உலா', மாங்குளம் நோக்கிய பயணத்தில் சேற்றையும் பசியையும் வழியில் சோறு தந்த கிராமத்தாரையும் பதிகிறது. எழுதியவர் 1992இல் களத்தில் இறந்தார். சி. புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்', ஷோபாசக்தியின் 'கொரில்லா', கணேசன் ஐயரின் பதிவுகள் என்று வரிசை நீள்கிறது. அதில் என்னை அதிகம் உலுக்கியது தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்'. புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். 2015இல் புற்றுநோயால் இறந்த பிறகு, 2016இல் நூல் வெளிவந்தது. உடனே சண்டை வெடித்தது. இதை அவர்தான் எழுதினாரா, யாரேனும் சேர்த்தார்களா என்று கேட்டார்கள். உயிரோடு இருக்கையில் அவரைத் தலைவியாகப் போற்றிய பலருக்கு, அவர் தன் தவிப்பையும் கேள்விகளையும் எழுதியதை ஏற்க முடியவில்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் இருந்த பெண்களின் வாய்மொழியை ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் திரட்டியபோது, ஆண்களுக்குத் தைத்த உள்ளாடையைப் போட்டுக்கொண்டு போரிட்டதை அவர்கள் சொன்னார்கள். வீராங்கனைகளைச் சிறுமைப்படுத்துகிறாய் என்று தணிக்கை சொன்னது. 1985இல் நூல் வந்தபோது பல பகுதிகள் இல்லை. ஆப்கானிஸ்தான் போரைப் பற்றிய அடுத்த நூலுக்கு அவரிடம் மனம் திறந்து பேசியவர்களிலேயே சிலர், மகனை இழந்த தாய் உட்பட, 1990களின் தொடக்கத்தில் மின்ஸ்க் நீதிமன்றத்தில் அவர்மேல் வழக்குத் தொடுத்தார்கள். தன் மகன் வீரனாகவே நினைவில் நிற்கவேண்டும் என்று ஒரு தாய் கேட்பதில் தவறு காண என்னால் முடியவில்லை. அவள் சொன்னதை எழுதியவரிடமும் தவறு காண முடியவில்லை.

அமெரிக்கக் காங்கிரஸ் 2000இல் சட்டம் இயற்றி, முன்னாள் படையினரின் நினைவுகளைத் தன் நூலகத்தில் சேர்க்கத் தொடங்கியது. பதவி எதுவானாலும் சமையல்காரரும் ஓட்டுநரும் அதில் பேசலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகள் சேர்ந்துள்ளன. நம்மிடம் வருபவை பெரும்பாலும் விருதுக் கதைகளும் தளபதிகளின் நூல்களும், அவையும் ஆங்கிலத்தில். 1999 மே 29 அன்று பட்டாலிக் மலையில் வீழ்ந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. 2014இல் ஷோபியானில் உயிர் நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' வீடுதோறும் சேர்த்தது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது, கதை அவருடைய மனைவி இந்துவின் நினைவு வழியே நகர்வதுதான். காத்திருந்தவளுக்கும் போரைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு என்று வெகுசனத் தமிழ் சினிமா ஒப்புக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவே ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25இல் புலிகளோடு நடந்த மோதலில் வீழ்ந்து பரம் வீர் சக்ரா பெற்றார். அதற்கு ஒரு மாதம் முன்பு யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு சென்னைத் துறைமுகம் வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் போரைப் பற்றி ஹர்கிரத் சிங், திபிந்தர் சிங் ஆகிய தளபதிகள் எழுதினார்கள். ஈழத்தவர்கள் தாங்கள் பட்டதை எழுதினார்கள். அங்கே போன மதராஸ் ரெஜிமெண்டின் தமிழ்ச் சிப்பாய்களுக்கு ஊர்ப்பெயர்ப் பலகை புரிந்தது, வீட்டுக்குள் அழுத கிழவியின் பேச்சு புரிந்தது, தங்களைத் திட்டியதும் புரிந்தது. வேறு எந்த இந்தியச் சிப்பாய்க்கும் கிடைக்காத அனுபவம் அது. அன்று இருபதுகளில் போனவர்கள் இன்று அறுபதை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு வேலூரிலும் தேனியிலும் ராமநாதபுரத்திலும் இருக்கிறார்கள். புகழ விரும்புபவர்களும் அவர்களிடம் போகவில்லை, குற்றம் சாட்ட விரும்புபவர்களும் போகவில்லை. தமிழில் ஒரு பதிப்பகமோ பல்கலைக்கழகமோ பதிவுக் கருவியோடு முதலில் கதவைத் தட்டவேண்டியது இவர்கள் வீட்டில்தான். முதல் கேள்வியாக அங்கே எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கவேண்டாம். யாரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டால் போதும்.