ஸ்டூடியோவின் சம்பளமும் விமர்சனத்தின் குரலும்: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸை முன்வைத்துத் திரை இதழாளர் பணிவாழ்வு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரை இதழியல் வரலாறு பெரும்பாலும் இதழ்களின் பெயர்களாலும் ஆசிரியர்களின் துணிச்சலாலும் எழுதப்பட்டுள்ளது. திரையைப் பற்றி எழுதியவர் யாரிடம் சம்பளம் பெற்றார், எந்த மேசையில் அமர்ந்து எழுதினார் என்னும் வினாக்கள் ஓரத்தில் நின்றுவிட்டன. சேலத்தில், ஏற்காடு மலைச்சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தையும் அதன் இதழான ‘சண்டமாருத’த்தையும் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, திரை இதழாளரின் பணிநிலை அவருடைய மதிப்பீட்டின் எல்லைகளை எவ்வாறு வரையறுக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கண்ணதாசன், அசோகமித்திரன் ஆகியோரின் நினைவெழுத்துகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: திரை இதழியல், திரை விமர்சனம், மாடர்ன் தியேட்டர்ஸ், சேலம், ஏற்காடு, கண்ணதாசன், அசோகமித்திரன், மக்கள் தொடர்பாளர்

முன்னுரை

திரைப்படத்தைப் பற்றி எழுதுவோரைத் தமிழ்ச் சூழல் இரு வகையாகப் பிரித்துப் பார்த்துப் பழகியுள்ளது. நடிகர்களின் சொந்த வாழ்வை விற்றுப் பிழைப்பவர் ஒரு வகை. படத்தின் தரத்தை அஞ்சாது உரைப்பவர் மறு வகை. முன்னவர் மஞ்சள் பத்திரிகையாளர் எனப் பழிக்கப்படுகிறார். பின்னவர் விமர்சகர் எனப் போற்றப்படுகிறார். இப்பகுப்பு தனிமனித ஒழுக்கத்தை அளவுகோலாகக் கொண்டது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதி நிரப்பியவர்கள் மாதச் சம்பளத்துக்கோ பக்கக் கூலிக்கோ உழைத்த சாதாரண எழுத்துப் பணியாளர்கள். அவர்களை இப்பகுப்பு கணக்கில் கொள்வதில்லை. அவர்களின் பணிவாழ்வை அறியாமல் அவர்கள் விட்டுச்சென்ற எழுத்தைச் சான்றாகப் பயன்படுத்துவது வரலாற்றாய்வில் பெரும் பிழைக்கு இடந்தரும்.

மலையடிவாரத்து ஸ்டூடியோ

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். 1930-களின் நடுவில் அவர் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1937-இல் ‘சதி அகல்யா’வை வெளியிட்டது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் வண்ணப்படமாகக் கருதப்படும் ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ (1956) ஆகியவை இந்நிறுவனத்தின் படைப்புகள். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் இங்கிருந்து வெளிவந்தன. சேர்வராயன் மலைக்கு ஏறும் சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் இன்று எஞ்சியுள்ளது. கோடையில் ஏற்காட்டுக்குச் செல்லும் வண்டிகள் அதைக் கடந்தே மலையேறுகின்றன.

இந்நிறுவனத்தின் இருப்பிடம் இதழியல் நோக்கில் முக்கியமானது. நாளிதழ்களும் வார இதழ்களும் சென்னையில் குவிந்திருந்தன. அங்கிருந்த எழுத்தாளர் ஓர் இதழில் வேலை இழந்தால் அடுத்த தெருவில் இன்னொன்றைத் தேடலாம். ஒரு தயாரிப்பாளரின் கோபத்துக்கு ஆளானால் மற்றொருவரின் நிழலில் ஒதுங்கலாம். சேலத்தின் நிலை வேறு. நடிகர், இயக்குநர், பாடலாசிரியர், தச்சர், ஒப்பனையாளர் என அனைவரையும் ஒரே வளாகத்துக்குள் மாதச் சம்பளத்தில் வைத்திருந்த நிறுவனம் அது. கால ஒழுங்குக்கும் கண்டிப்புக்கும் பெயர்பெற்ற முதலாளியின் கீழ், திரையைப் பற்றி எழுதுபவரும் அவ்வளாகத்தின் பணியாளருள் ஒருவராகவே இருந்தார்.

இதழ் நடத்திய ஸ்டூடியோ, ஸ்டூடியோ நடத்திய இதழதிபர்

1940-களின் இறுதியில் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘சண்டமாருதம்’ என்னும் இதழை நடத்தியது. அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் இருபது வயதைச் சற்றே கடந்திருந்த கண்ணதாசன். ‘திருமகள்’ இதழில் பணியைத் தொடங்கி, ‘திரை ஒலி’ வழியாகச் சேலம் வந்தவர் அவர். இதழ் நின்றபின் அந்நிறுவனத்தின் கதை இலாகாவில் அவருக்கு இடம் கிடைத்தது. இந்த இடமாற்றம் கூர்ந்து நோக்கத்தக்கது. இதழாசிரியர் ஒருவர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாறுவதுபோலக் கதை இலாகாவுக்கு மாற முடிந்தது என்றால், நிறுவனத்தின் பார்வையில் இவ்விரு பணிகளுக்கும் பெரிய வேறுபாடு இருந்திருக்க வாய்ப்பில்லை. வசனம் எழுதுவது போலவே இதழ் எழுதுவதும் படத்தொழிலின் ஓர் உறுப்பாகவே கொள்ளப்பட்டது.

சென்னையில் இதற்கு நேர்மாறான பாதை அமைந்தது. ‘ஆனந்த விகட’னை வாங்கிப் பெருவெற்றி கண்ட எஸ். எஸ். வாசன், 1940-களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டூடியோவின் அதிபரானார். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) குறித்துக் கல்கி எழுதிய விமர்சனம் வெளிவந்தது இந்த விகடனில்தான். ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் இசை, நாடகம், திரை ஆகியவற்றை நகைச்சுவையோடும் கறாராகவும் மதிப்பிட்டவர் கல்கி. அதே கல்கியின் ‘தியாகபூமி’ தொடர்கதை, படத்தின் காட்சிப் படங்களோடு விகடனில் வெளிவந்ததும், 1939-இல் படமாகத் திரைக்கு வந்ததும் அறிந்த செய்திகள். தமிழின் முன்னோடித் திரை விமர்சகரே கதாசிரியராகவும் தொழிலுக்குள் நின்றார் என்பது இதனால் விளங்கும்.

சேலத்தில் ஸ்டூடியோ ஓர் இதழைத் தொடங்கியது. சென்னையில் ஓர் இதழதிபர் ஸ்டூடியோ அதிபரானார். வழி வேறாயினும், எழுதுபவரும் எழுதப்படும் பொருளும் ஒரே முதலாளியின் கீழ் வந்து சேர்ந்த நிலை இரண்டுக்கும் பொது. ஆகவே கட்டுண்ட இதழியலுக்குச் சேலத்தையும் சுதந்திர இதழியலுக்குச் சென்னையையும் எடுத்துக்காட்டாக நிறுத்த இயலாது. விகடன் தன் வாசகர் திரளால் பெற்ற தற்சார்பு, ஒரு நிறுவன இதழுக்கு வாய்க்கவில்லை என்பதே உண்மையான வேறுபாடு. ஓர் இதழின் செலவை வாசகரின் காசு ஈடுசெய்யும் அளவுக்கு அதன் மதிப்பீட்டுக்கும் இடம் விரிகிறது.

இரு நினைவெழுத்துகள்

திரை எழுத்துப் பணியின் உள்வாழ்வை அறிய இரு நினைவெழுத்துகள் துணைபுரிகின்றன. ஒன்று கண்ணதாசனின் ‘வனவாசம்’. மற்றொன்று ஜெமினி ஸ்டூடியோவில் 1952 முதல் 1966 வரை பணியாற்றிய அசோகமித்திரன் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகள்.

‘வனவாச’த்தில் கண்ணதாசன் தம்மை ‘நான்’ என்று குறிப்பதில்லை. ‘அவன்’ என்றே சொல்லிச் செல்கிறார். இவ்வுத்தி தம் குறைகளைத் தாமே விலகிநின்று சொல்லும் வசதியை அவருக்குத் தருகிறது. வேலைக்கு அலைந்த நாட்களும் இதழ்களில் நுழைந்த விதமும் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்படுகின்றன. எனினும் நூலின் விசை அரசியலை நோக்கியது. திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்ததும் 1961-இல் அதிலிருந்து விலகியதுமே அதன் முதுகெலும்பு. இதழ்ப்பணி, கவிஞனும் அரசியல்வாதியும் உருவாவதற்கான முற்படியாகவே அங்கு இடம்பெறுகிறது. இதழாளர் என்பது கடந்துசெல்லவேண்டிய நிலை. அதிலேயே தங்கிவிட்டவரின் கதை அந்நூலின் பொருளன்று.

அசோகமித்திரனின் எழுத்து இதற்கு எதிர்த்திசையில் நகர்கிறது. ஜெமினியில் அவருக்கு அமைந்த முதன்மையான வேலை, நாளிதழ்களிலிருந்து பலதரப்பட்ட செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது. நாள் முழுதும் செய்தித்தாள் கிழித்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தவர்கள் அவர் ஏதும் செய்யாதிருப்பதாகவே எண்ணினர் என்பதை அவர் சிரிப்போடு பதிவுசெய்கிறார். கண்ணுக்குத் தெரியாத இவ்வுழைப்பையே அவர் பொருளாக்குகிறார். திரைத்தொழிலின் கடைநிலைப் பணியாளரை மையப்படுத்திய ‘கரைந்த நிழல்கள்’ நாவலுக்கான பார்வை இம்மேசையிலிருந்து பெறப்பட்டது எனக் கருத இடமுண்டு.

இரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. வெற்றி பெற்றவரின் நினைவில் இதழ்ப்பணி சுருங்குகிறது. ஓரத்தில் இருந்தவரின் நினைவில் அது விரிகிறது. தமிழ்த் திரை வரலாறு முன்னவரின் நினைவுகளையே பெரிதும் நம்பியுள்ளது. ஆகவே திரை இதழாளரின் உழைப்பு வரலாற்றில் சிறுத்துத் தோன்றுவதற்கு அவ்வுழைப்பின் அளவைவிட, அதை நினைவுகூர்ந்தவர்களின் நிலையே காரணம் எனலாம்.

இலட்சுமிகாந்தன் வழக்கின் நிழல்

நிறுவனத்துக்கு வெளியே நின்று எழுதுவதே விடுதலை தரும் என்னும் முடிவையும் எளிதில் ஏற்க இயலாது. ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ ஆகிய இதழ்களை நடத்திய சி. என். இலட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டனை பெற்றனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947-இல் இருவரும் விடுவிக்கப்பட்டனர்.

இவ்வழக்கு புகழ்பெற்ற நடிகர்களின் வீழ்ச்சிக் கதையாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இதழியல் வரலாற்றில் அது வேறொரு பொருள் கொள்கிறது. போர்க்காலத் தாள் கட்டுப்பாட்டால் இதழ் நடத்த அரசின் உரிமம் தேவைப்பட்ட காலம் அது. அவதூறால் பாதிக்கப்பட்ட திரைத்துறையினர் ஆளுநரிடம் முறையிட்டதன் பேரில் ‘சினிமா தூது’ உரிமம் இழந்தது. நிறுவனச் சம்பளமோ நிலையான விளம்பரமோ இல்லாதவர், பிறர் மறைக்க விரும்புவதையே மூலதனமாக்கும் நிலைக்குச் சென்றார். இதனால் அவர் செய்த கேடு நியாயமாகாது. அக்கேட்டின் பொருளியல் அடிப்படை மட்டும் விளங்கும். புகழுரைக்குச் சம்பளம் உண்டு, அவதூறுக்குச் சந்தை உண்டு, மதிப்பீட்டுக்கு இரண்டும் அரிது என்பதே அக்காலத் திரை இதழியலின் நெருக்கடி.

மக்கள் தொடர்பாளரும் ஆவணமும்

1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்தின் வழியே தமிழ்த்திரையில் மக்கள் தொடர்பாளர் என்னும் தனிப் பணி உருப்பெற்றது. அப்பணியைத் தொடங்கிவைத்த ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன், புகைப்படங்களையும் படத்தகவல்களையும் பல பத்தாண்டுகள் திரட்டியவர். அவர் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல் 2004-இல் வெளிவந்தது. இன்று தமிழ்ப் படங்களின் வெளியீட்டு நாளையோ பங்குபெற்றோர் பட்டியலையோ தேடுபவர் எவரும் அவருக்குக் கடன்பட்டவரே.

இங்கு ஒரு முரண் உண்டு. விளம்பரத்தின் பொருட்டு ஏற்பட்ட பணியே தமிழ்த்திரையின் பெரிய ஆவணக் களஞ்சியங்களுள் ஒன்றை உருவாக்கியது. மதிப்பீட்டை முதன்மையாகக் கொண்ட விமர்சகர்களால் இத்தகைய சேகரிப்பைச் செய்ய இயலவில்லை. படங்களும் தாள்களும் அவர்கள் கைக்குத் தானாக வந்து சேரும் நிலை இல்லை. ஆகவே இவ்வாவணங்களை நாடும் ஆய்வாளர், அவை எந்த நோக்கில் திரட்டப்பட்டன என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். பெயர், நாள், எண்ணிக்கை ஆகியவற்றில் அவை வலியவை. ஒரு படம் ஏன் தோற்றது, படப்பிடிப்பில் யார் கூலியின்றி நின்றனர் என்பனவற்றில் அவை மௌனமானவை.

கையொப்பமும் சட்டமும்

விமர்சகரைக் காக்கும் வழிகளுள் ஒன்றாகக் கூட்டுக் கையொப்பம் அமைந்தது. ஆனந்த விகடன் தன் மதிப்பெண் விமர்சனங்களைத் தனியொருவர் பெயரிலன்றி விமர்சனக் குழுவின் பெயரில் வெளியிட்டது. ‘16 வயதினிலே’ (1977) பெற்ற 62.5 மதிப்பெண் வாசகர் நினைவில் இன்றும் நிற்கிறது. அதை எழுதிய கை எதுவென வாசகர் அறியார். கூட்டுக் கையொப்பம் எழுதியவரைத் தயாரிப்பாளரின் சினத்திலிருந்து காத்தது. அதே நேரத்தில் அவருக்கு உரிய பெயரையும் எடுத்துக்கொண்டது.

1955-இன் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பணிநேரம், விடுப்பு, ஊதியம் ஆகியவற்றுக்கு நெறி வகுத்தது. செய்தியாளர், துணையாசிரியர், கேலிச்சித்திரக்காரர், மெய்ப்புத் திருத்துநர் எனப் பலரைப் பெயர்சுட்டிய அச்சட்டம் விமர்சகரைத் தனியே பெயர்சுட்டவில்லை. அவர் பணியில் அமர்ந்த இதழாளராக இருந்தால் காப்புக்குள் வந்தார். பக்கத்துக்கு இவ்வளவு எனப் பெறுபவராக இருந்தால் அக்காப்பு கைக்கெட்டவில்லை. திரை விமர்சனத்தில் பெரும்பகுதி இவ்விரண்டாம் வகையினரால் எழுதப்பட்டது என்பதை நோக்க, சட்டத்தின் எல்லை தெளிவாகும்.

இந்நெருக்கடி தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரான்சில் கடுமையான விமர்சனங்களால் அறியப்பட்ட பிரான்சுவா த்ரூபோவுக்கு 1958-இல் கான் திரைப்பட விழாவுக்கான அனுமதி மறுக்கப்பட்டது. சென்னையில் 2024 இறுதியில், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடைசெய்யவேண்டுமெனத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று உயர்நீதிமன்றத்தை அணுகியது. கருத்துரிமையைச் சுட்டி இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. உரிமம், அழைப்பு, நீதிமன்ற ஆணை என வடிவம் மாறினும், எழுதுபவருக்கு வழங்கும் நுழைவைக் கட்டுப்படுத்துவதன் மூலம் எழுத்தைக் கட்டுப்படுத்தும் முயற்சி தொடர்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினின்று மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, திரை விமர்சனத்தின் நேர்மையை எழுதுபவரின் குணத்தால் மட்டும் அளப்பது போதாது. அவருடைய ஊதிய மூலத்தையும் சேர்த்தே அளக்கவேண்டும். இரண்டாவதாக, ‘சண்டமாருதம்’ போன்ற நிறுவன இதழ்களை வெறும் விளம்பரம் என ஒதுக்குவது தவறு. ஒரு ஸ்டூடியோ தன்னைப் பற்றி எதைச் சொல்ல விரும்பியது, எதைச் சொல்லாது விட்டது என்பதற்கு அவையே நேர்ச் சான்றுகள். மூன்றாவதாக, வெற்றியாளரின் தன்வரலாறுகளுக்கு இணையாக, கோப்பு கத்தரித்தவர், மெய்ப்புத் திருத்தியவர், படக்குறிப்பு எழுதியவர் ஆகியோரின் நினைவுகளும் திரட்டப்படவேண்டும்.

மூன்றாவது பணி காலத்தோடு போட்டியிடுவது. மாடர்ன் தியேட்டர்ஸின் கூடங்கள் மறைந்துவிட்டன. அங்குப் பணியாற்றியோருள் எஞ்சியிருப்போர் முதுமையில் உள்ளனர். சேலத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பல்கலைக்கழகத் துறைகள் வாய்மொழி வரலாற்று முறையில் இப்பணியை மேற்கொள்ள முடியும். நுழைவாயில் வளைவைப் பேணுவது நிறுவனத்தின் நினைவைக் காக்கும். உள்ளே மேசையில் அமர்ந்து எழுதியவர்களின் நினைவைக் காக்க, அவர்கள் சொற்களைக் கேட்டு எழுதிவைப்பதே வழி.