ஆளைப் பார்த்து எடைபோட்ட அறிவியல்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். மனசில் உள்ள மகிழ்ச்சியும் வருத்தமும் முகத்தில் தெரியும் என்ற அளவில் அது சரிதான். ஆனால் உடம்பை அளந்தே 'இவன் திருடன், இவன் முரடன்' என்று சொல்லிவிடலாம் என, பெரிய படிப்பாளிகளே புத்தகம் எழுதி உலகத்தை நம்ப வைத்தார்கள். அவற்றில் இரண்டு நூல்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ 1876-இல் வெளியிட்ட 'குற்றவாளி மனிதன்'. வில்லெல்லா என்ற கைதியின் மண்டையோட்டில் பின்பக்கம் ஒரு சிறு பள்ளத்தைக் கண்டவர், குற்றவாளி ஆதிமனிதனின் குணத்தோடேயே பிறக்கிறான் என்று முடிவுகட்டினார். பெரிய தாடையும் நீண்ட கைகளும் அவருக்குக் குற்றத்தின் அடையாளங்கள். இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், சுமார் 3,000 கைதிகளை அளந்து மற்றவர்களோடு ஒப்பிட்டு, அப்படியொரு தனி உருவமே கிடையாது என்று 1913-இல் எழுதினார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையே!

இரண்டாவது நூல், அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949-இல் எழுதிய 'நெறிதவறிய இளைஞரின் வகைகள்'. ஷெல்டன் மனித உடம்பை மூன்றாகப் பிரித்தார்: உருண்டு திரண்ட எண்டோமார்ஃப், தசை முறுக்கேறிய மீசோமார்ஃப், ஒல்லியான எக்டோமார்ஃப். ஒவ்வொருவருக்கும் இந்த மூன்றிலும் 1 முதல் 7 வரை மதிப்பெண். குண்டானவர் சுகவாசி, தசைக்காரர் அடிதடிக்காரர், ஒல்லியானவர் கூச்சக்காரர். பாஸ்டனில் ஒரு விடுதியில் இருந்த 200 இளைஞர்களை ஆராய்ந்து, நெறிதவறியவர்களில் தசைக்காரர்களே அதிகம் என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் கடும் உழைப்பாளி. ஆயிரக்கணக்கான புகைப்படங்களை எடுத்து அளந்திருக்கிறார். ஆனால் அஸ்திவாரமே ஆட்டம் காண்கிறது. 1942-இல் வந்த இன்னொரு நூலில், உடம்புக்கும் குணத்துக்கும் 0.8 அளவுக்கு ஒட்டுறவு இருப்பதாகக் காட்டினார். உடம்புக்கு மதிப்பெண் போட்டவரும் அவரே, குணத்துக்குப் போட்டவரும் அவரே! தானே கேள்வித்தாள் எழுதி, தானே திருத்தி, தானே பாராட்டிக்கொள்வது போலத்தான் இது. அடுத்து, 'நெறிதவறுதல்' என்பதற்கு அவர் தந்த பொருளைப் பாருங்கள்: எதிர்பார்ப்புக்கு மேல் ஏமாற்றம் தருவது. யாருடைய எதிர்பார்ப்பு? சட்டத்தை மீறினானா என்பதை விட்டுவிட்டு, பார்ப்பவரின் மனக்குறையையே அளவுகோலாக்கிவிட்டார். குற்றவியல் அறிஞர் எட்வின் சதர்லாண்ட் எழுதி, 1951-இல் வெளிவந்த கட்டுரை இதைக் கடுமையாகவே கண்டித்தது.

ஷெல்டன் பக்கமும் ஒரு நியாயம் சொல்லலாம். குளூக் தம்பதியர் 1956-இல், குற்றம் புரிந்த 500 சிறுவரை மற்ற 500 பேரோடு ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் சுமார் 60 சதவீதம் தசைக்காரர். மற்றதில் சுமார் 31. சரி, அதனால் தசைதான் குற்றத்தைச் செய்தது என்றாகிவிடுமா? பலசாலிப் பையனைத்தான் கூட்டாளிகள் சண்டைக்கு முன்னால் தள்ளுவார்கள். ஒரே தப்பை இரண்டு பேர் செய்தாலும் 'ஆளைப் பார்த்தாலே தெரியுதே' என்று வாட்டசாட்டமானவன்மேல்தான் சந்தேகம் விழும். அந்தச் சந்தேகமே பிறகு புள்ளிவிவரமாகவும் மாறிவிடும்.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2016-இல் சீனாவில் இரு ஆய்வாளர்கள், முகப்படத்தை வைத்துக் குற்றவாளியைக் கணினி கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்றார்கள். அவர்கள் காட்டிய மாதிரிப் படங்களில் குற்றமற்றவர்கள் வெள்ளைக் காலர் சட்டையில், லேசான புன்முறுவலோடு இருந்தார்கள்; குற்றவாளிகள் இறுகிய முகத்தோடு இருந்தார்கள். கணினி படித்தது குணத்தையா, சட்டைக் காலரையா என்று விமர்சகர்கள் கேட்டது நியாயம்தானே?

நிறத்தையும் தோற்றத்தையும் பார்த்து 'மதராசி' என்ற ஒரே பெட்டியில் அடைக்கப்பட்ட அனுபவம், வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் மூத்தவர்கள் பலருக்கு உண்டு. அதே தராசை நாம் கையில் எடுக்கலாமா? வாட்டசாட்டமான பையனை 'ரௌடி மாதிரி இருக்கான்' என்றும், ஒல்லியானவனை 'பயந்தாங்கொள்ளி' என்றும் வீட்டில் விளையாட்டாகச் சொல்கிறோம். உருவத்தைக் கண்டு இகழாதே என்று வள்ளுவர் சொன்னதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. பெரியவர்கள் நாம் அதைக் கடைப்பிடிப்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும்.