ஒரு குத்தும் ஓராயிரம் கோடுகளும்

‘ஒன் பன்ச் மேன்’ என்ற மாங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதையின்) நாயகன் சைட்டாமாவை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். ஒரு முட்டை, அதற்குள் இரண்டு புள்ளி, கீழே சின்னதாக ஒரு கோடு. இந்த மொட்டைத் தலையன் யாரைக் குத்தினாலும் ஒரே குத்தில் ஆள் காலி. தொடரின் மூல நகைச்சுவை இவ்வளவுதான். இந்த ஒற்றைச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு தொடர் பத்தாண்டுகளையும் தாண்டி ஓடுகிறது என்றால், அதைச் சுமப்பது கதையா ஓவியமா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதி வழி வரைக்கும் ஓவியம் அந்தச் சிரிப்பைத் தோளில் தூக்கி வருகிறது. அப்புறம் அதே ஓவியம் சிரிப்பின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வசதி ஒன்று இருக்கிறது. இந்தக் கதை இரண்டு கைகளால் வரையப்பட்டது. ‘ஒன்’ என்ற புனைபெயர்க்காரர் 2009இல் இதை இணையத்தில் தானே வரைந்து போட ஆரம்பித்தார். கோணல் கோடு, அளவு தப்பிய கைகால், பின்னணி என்று சொல்ல அநேகமாக ஒன்றும் கிடையாது. ‘ஐஷீல்டு 21’ வரைந்து பெயர் வாங்கியிருந்த யூசுகே முராட்டா அதைப் படித்துச் சொக்கிப்போய், மறுபடி வரைந்து தருகிறேன் என்று தானே முன்வந்தார். 2012இல் ஷூயேஷா பதிப்பகத்தின் ‘தொனாரி நோ யங் ஜம்ப்’ தளத்தில் அவர் வடிவம் வரத் தொடங்கியது. கதை இரண்டிலும் ஒன்னுடையதுதான். ஆகவே முராட்டாவை மட்டும் கூண்டில் ஏற்றுவது முறையாகாது.

முதல் அத்தியாயத்தில் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு ஒரு அசுரன் வருகிறான். பூமியை மனிதர்கள் மாசுபடுத்தியதால் பிறந்தவன் தான் என்று நீட்டி முழக்குகிறான். தசைநார், நரம்பு, கொம்பு என்று முராட்டா அவனுக்குச் செலவழித்திருக்கும் மை கொஞ்சநஞ்சமல்ல. சைட்டாமா ஒரு குத்து விடுகிறான். அசுரன் சிதறிப்போகிறான். அடுத்து சைட்டாமா, மறுபடியும் ஒரே குத்தில் முடிந்துவிட்டதே என்று முஷ்டியைப் பார்த்துப் புலம்புகிறான். ஒன்னின் கோணல் படத்தில் இது நல்ல துணுக்கு. முராட்டாவிடம் அதுவே பெரிய ஏமாற்று வேலையாகிறது. இவ்வளவு உழைத்து வரைந்த அசுரன் இன்னும் சில பக்கங்களாவது தாக்குப்பிடிப்பான் என்று நம் கண் நம்பிவிடுகிறது. அவனோடு சேர்ந்து நாமும் கவிழ்கிறோம்.

இந்த உத்தியின் உச்சம், சீடன் ஜெனோஸோடு சைட்டாமா மோதிப் பார்க்கும் பகுதி. இயந்திர உடம்புக்காரன் ஜெனோஸ் பாறைப் பரப்பெங்கும் நெருப்பாய்ப் பாய்கிறான். கட்டத்துக்குக் கட்டம் கோணம் மாறிக்கொண்டே இருக்கிறது. வாசகனுக்கு மூச்சு வாங்குகிறது. திடீரென்று ஒரு முஷ்டி ஜெனோஸின் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது, சாவே எதிரில் வந்து நின்றது போல. அங்கே நகைச்சுவையின் நிழல்கூடக் கிடையாது. மறுகணம் அந்த முஷ்டி அவனை லேசாகத் தட்டுகிறது. வா, போய் உடோன் நூடுல்ஸ் சாப்பிடலாம் என்கிறான் சைட்டாமா. முகம் மறுபடி முட்டையாகிவிட்டது. ஜெனோஸ் திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் இருந்த மலையைக் காணோம். அவ்வளவு கூர்மையான கோடு ஒரே கட்டத்தில் சிறுபிள்ளைக் கிறுக்கலாகச் சரிவதில்தான் சிரிப்பு இருக்கிறது. வசனத்தை மட்டும் தனியே படித்துக் காட்டினால் யாருக்கும் சிரிப்பு வராது.

மாங்காவுக்கு இது புதிதல்ல. ஒசாமு தெசூகா தன் கனமான கதைகளுக்கு நடுவிலேயே, ஒட்டுப்போட்ட சுரைக்காய் மாதிரி ஒரு பன்றி முகத்தைச் சம்பந்தமில்லாமல் நுழைத்துவிடுவார். அகிரா தொரியாமா ‘டாக்டர் ஸ்லம்ப்’ முழுக்கக் கோமாளித்தனம் செய்த கையோடு 1984இல் ‘டிராகன் பால்’ தொடங்கினார். அதிலும் ஆரம்பத்தில் கோமாளித்தனம்தான் தூக்கல். சண்டை பெருக்கப் பெருக்கச் சிரிப்பு ஓரத்துக்குப் போனது. முராட்டா வழியிலும் அந்தப் பள்ளம் காத்திருந்தது.

போரோஸ் வரைக்கும் அவர் அதில் விழவில்லை. தனக்கு நிகரான எதிரி தொலைதூரக் கிரகம் ஒன்றில் இருக்கிறான் என்ற குறிசொல்லை நம்பி, இருபது ஆண்டு விண்வெளியில் அலைந்து வருபவன் போரோஸ். உதை வாங்கிய சைட்டாமா நிலவில் போய் விழுகிறான். மூச்சை அடக்கிக்கொண்டு அங்கிருந்து ஒரே எம்பில் பூமிக்குத் திரும்புகிறான். படம் பிரமாண்டம், செயல் அபத்தம், இரண்டும் சரிக்குச் சரி. சாகும் தறுவாயில் போரோஸுக்கு உண்மை விளங்குகிறது: நீ என்னோடு முழு பலத்தோடு மோதவே இல்லை. இருவருக்கும் ஒரே நோய், நிகரான ஆள் கிடைக்காத சலிப்பு. அங்கே சிரிப்பு துக்கத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. தொடரின் மிகச் சிறந்த இடம் அதுதான்.

அடுத்த பெரிய எதிரியான காரோவின் படலத்தில் கதை வேறு. ஒன்னின் மூலத்தில் இந்த மோதல் பூமியை விட்டு நகர்வதில்லை. காரோ அசுரனாகத் துடிப்பது வெறும் வேஷம், உள்ளே அவனுக்கு ஆசை வேறு என்பதைப் பொழுதுபோக்குக்கு நாயகன் ஆன சைட்டாமா போட்டு உடைக்கிறான். அடியைவிட அந்தப் பேச்சுதான் காரோவைச் சாய்க்கிறது. முராட்டா வடிவத்தில் சண்டை வியாழனின் துணைக்கோள் அயோவுக்குப் போகிறது. சைட்டாமாவின் ஒரு தும்மலில் வியாழன் சிதறுகிறது. அயோவின் தரையையே அவன் சாப்பாட்டு மேசை போலப் புரட்டிப் போடுகிறான். கோபக்கார அப்பா தாழ்மேசையைக் கவிழ்ப்பது ஜப்பானிய நகைச்சுவையில் பழைய சரக்கு. அதை ஒரு துணைக்கோளின் அளவுக்கு ஊதிக் காட்டிய குறும்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை ஒரு வரைபடத்தில் இருக்கிறது. சண்டைக்கு நடுவே இருவரின் பலமும் நேரத்தோடு எப்படி வளர்கிறது என்று கோடு போட்டுக் காட்டுகிறார்கள். சைட்டாமாவின் கோடு செங்குத்தாக ஏறுகிறது. தினம் நூறு தண்டால், நூறு உட்கார்ந்தெழுதல், நூறு வயிற்றுப் பயிற்சி, பத்து கிலோமீட்டர் ஓட்டம், இதனால்தான் பலம் வந்தது என்று அவன் சொன்னபோது சிரித்தோமே, எதற்கு? அவன் பலத்துக்குக் காரணமும் கிடையாது, கணக்கும் கிடையாது என்பதற்காகத்தானே. கணக்குப் போட்டதும் அவன் மற்ற சண்டை மாங்கா நாயகர்களின் வரிசையில் போய் நின்றுவிட்டான். போதாக்குறைக்கு ஜெனோஸைச் சாகடித்து சைட்டாமாவுக்கு ஆத்திரத்தையும் மூட்டியாயிற்று. ஆத்திரப்படுபவனின் முகத்தை முட்டையாக வரைய முடியாது. முராட்டா வரையவும் இல்லை.

இதற்கு ஒரு நல்ல பதில் உண்டு. கடைசியில் சைட்டாமா காலத்தில் பின்னோக்கிப் போய், ஜெனோஸ் சாகும் முன்பே காரோவை ஒரே குத்தில் வீழ்த்துகிறான். நடந்தது அவனுக்கே நினைவில்லை. அத்தனை பக்கப் பிரளயமும் ஒரு குத்தில் இல்லாமல் போயிற்றே, மூலச் சிரிப்பே விசுவரூபம் எடுத்துத் திரும்பியதல்லவா என்று கேட்கலாம். யோசனை சாமர்த்தியமானதுதான். ஆனால் அந்த இடத்தை எட்டும் வாசகன் ஜெனோஸுக்காகக் கலங்கிவிட்டு வருகிறான். அவனுக்கு வருவது அப்பாடா என்ற பெருமூச்சு. விளக்கிச் சொன்னால் புரிகிற வேடிக்கை, படிக்கும்போது சிரிப்பாக வரவில்லை.

ஆக, போரோஸ் வரைக்கும் முராட்டாவின் வடிவத்தைத் தயங்காமல் மேலே வைப்பேன். அங்கே ஒன்னின் வடிவம் அதற்கு ஒரு முன்வரைவு போலத்தான் தெரிகிறது. காரோவுக்கு மட்டும் ஒன்னிடம் போக வேண்டும். கோணல் கோடுதான், ஆனால் எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்று அதற்குத் தெரிகிறது. ஓவியம் பயில்பவர்கள் என் பேச்சைக் கேட்டு முராட்டாவின் காரோவைத் தள்ளிவிட வேண்டாம். அயோவின் பாறைகள் பெயர்ந்து எழும் பக்கங்களில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சிரிக்க இல்லை, அவ்வளவுதான்.