மேலே ஒரு கோடு

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையிலும் ஃப்ளெக்ஸ் பேனரிலும் பெயருக்கு அடுத்தபடி பட்டம் வந்தாக வேண்டும். பெரம்பலூர் பாலக்கரையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரத்துக்குள் நாலைந்து பி.இ.யும் இரண்டு எம்.எஸ்ஸி.யும் கண்ணில் பட்டுவிடும். சில பட்டங்களின் தலைக்கு மேல் மெல்லிய கோடு ஒன்று ஓடும். படிப்பு இன்னும் முடியவில்லை, பரீட்சையில் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். முடித்துவிட்டதாகப் பொய் சொல்ல மனம் வராது. படித்ததை இல்லையென்று விட்டுவிடவும் மனம் வராது. இரண்டுக்கும் நடுவே இழுத்த கோடு அது.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018 செப்டம்பரில் வெளிவந்தது. அதன் நாயகன் தன் பெயரைச் சொல்லும்போது பி.ஏ., பி.எல். என்று பட்டத்தையும் சேர்த்துக்கொள்வான். 'மேல ஒரு கோடு' என்பதையும் வாயாலேயே சொல்லிவிடுவான். அந்த இடத்தில் அரங்கில் எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தங்கள் வீட்டுப் பத்திரிகையில் அந்தக் கோட்டைப் பார்த்தவர்களின் சிரிப்பு அது. எனக்கோ அந்தக் கோடு படம் முழுக்கக் கூடவே வந்தது. சட்டக் கல்லூரியில் சேர்ந்த பையன் தன் முடியாத படிப்பைப் பற்றிச் சொல்வதாகத்தான் முதலில் தோன்றும். படம் முடியும்போது அந்தக் கோடு வேறொன்றின் மேலும் ஓடிக்கொண்டிருப்பது தெரியும்.

கதை நடப்பது தெற்கே, நெல்லைச் சீமையில். பேச்சு வேறு, தெய்வங்களின் பெயர் வேறு. ஆனாலும் திரையில் வெயிலும் காய்ந்த வெளியும் வந்தபோது, பருத்தியும் மக்காச்சோளமும் அறுத்து முடித்த நம் பெரம்பலூர்க் கரிசல்தான் எனக்கு நினைவில் வந்தது. ஒரு குட்டையில் பையன்களும் அவர்களுடைய வேட்டை நாய்களும் சேர்ந்து குளிக்கிறார்கள். வேறு தெருப் பிள்ளைகள் வருகிறார்கள். முதலில் இருந்தவர்கள் கரையேறிப் போய்விடுகிறார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தத் தண்ணீரில் சிறுநீர் கழிக்கிறார்கள். இவ்வளவுதான் காட்சி. சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதற்கு முன்பே, யார் தண்ணீரில் இருக்கலாம், யார் எழுந்து போக வேண்டும் என்பதை உடம்புகள் சொல்லி முடித்துவிடுகின்றன.

நாயகன் பரியனின் நாய் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். ஊர் கூடி, ஒரு மனுசிக்குச் செய்வதுபோல அதற்குச் சாவுச் சடங்கு செய்கிறது. ஒரு நாய்க்குப் பெயரும் உண்டு, அதைச் சொல்லி அழ ஆளும் உண்டு. இங்கிருந்தே படம் பெயர்களைப் பற்றிய படமாகத் தொடங்கிவிடுகிறது.

கல்லூரியில் சேரும்போது டாக்டர் ஆகப்போவதாகச் சொல்கிறான் பரியன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அம்பேத்கர் மாதிரி டாக்டர். ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதையும் அதில் ஒன்று தனக்கானது என்பதையும் தெரிந்து வைத்திருக்கிற பிள்ளை. ஆனால் வகுப்பறையில் பாடம் ஆங்கிலத்தில் வந்து விழும்போது திணறுகிறான். அப்போது கைகொடுக்க வருகிறவள் ஜோதி மகாலட்சுமி. அவன் வாயில் அந்தப் பெயர் 'ஜோ' என்று ஓரெழுத்தாகச் சுருங்குகிறது. தன் பெயரைப் பட்டத்தோடும் கோட்டோடும் நீட்டிச் சொல்கிறவன் அவள் பெயரை இவ்வளவு சிறிதாக்கிக்கொள்கிறான். ஒருவர் பெயரைச் சுருக்கிக் கூப்பிட உரிமை வேண்டும். அந்த உரிமை அவனுக்கு வகுப்பறையில் கிடைத்துவிட்டது. வெளியே அது செல்லாது.

பரியனாகக் கதிரும் ஜோவாக ஆனந்தியும் இந்தப் பகுதியில் நடித்திருக்கும் விதம் தனியே நின்று பார்க்கத் தக்கது. தமிழ்ப் படத்தில் ஒரு பையனும் பெண்ணும் அடுத்தடுத்து நின்றால் அடுத்த காட்சியில் காதல் என்பது எழுதாத சட்டம். இங்கே அவர்களுக்கு நடுவில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம். அவள் சொல்லித்தருகிறாள், அவன் கற்றுக்கொள்கிறான். அவன் முகத்தில் இருப்பது நன்றியா, ஆசையா, கூச்சமா என்று கேட்டால் மூன்றும்தான். எது எவ்வளவு என்பது அவனுக்கே தெரியாது. தெரியாமல் இருக்கும் அந்தக் காலத்தைத்தான் நாம் இளமை என்கிறோம்.

யோகி பாபு நடித்த ஆனந்த்தையும் இங்கே சொல்ல வேண்டும். சிரிக்க வைப்பதற்கென்று வந்த ஆளைப்போலத் தெரிவான். ஆனால் படம் நெடுக பரியன் பக்கத்தில் ஒருவன் இருக்கிறான் என்றால் அது ஆனந்த்தான். அவர்கள் உறவுக்கு ஊரில் ஒரு பெயர் தயாராக இருக்கிறது: கூட்டாளி. இரண்டு பையன்கள் சேர்ந்து டீக்கடையில் நிற்கலாம், தோளில் கை போட்டு நடக்கலாம். அதே வகுப்பில் படிக்கும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் அப்படி நிற்பதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் ஊர் தானே ஒரு பெயரை வைத்துவிடும்.

நம் அகத்திணை மரபில் காதலர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி என்றுதான் வருவார்கள். ஆள் யாரென்று தெரியாது, அவர்கள் மனத்தில் இருப்பது மட்டும் நிலத்தோடும் பொழுதோடும் துல்லியமாகத் தெரியும். 'பரியேறும் பெருமாள்' இதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது. ஆளின் பெயர் படத்தின் தலைப்பாகவே முழங்குகிறது. குதிரையில் ஏறும் தெய்வத்தின் பெயர் அது. மனத்தில் இருப்பதற்குத்தான் கடைசிவரை பெயர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கான பதில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறது.

அரியலூர்ப் பக்கம் மண்டப வாசலில் சந்தனமும் கற்கண்டும் நீட்டும்போதே கேட்பார்கள்: "வாங்க வாங்க, பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" அன்பான விசாரிப்புதான். அத்தை மகன், சம்பந்தி வழி, பக்கத்துத் தெரு என்று எல்லாவற்றுக்கும் பதில் உண்டு, பந்தியில் இடமும் உண்டு. "இந்த வீட்டுப் பொண்ணுகூடப் படிக்கிறேன்" என்று ஒரு பையன் சொன்னால் கேட்டவரின் சிரிப்பு ஒரு நொடி நின்று, பிறகு தொடரும். அந்த ஒரு நொடியை நான் பார்த்திருக்கிறேன். "எந்த ஊரு தம்பி?" என்பது அடுத்த கேள்வி. ஊரைத் தாண்டி எந்தத் தெரு என்பதில் போய் அது நிற்கும்.

ஜோ அழைத்த கல்யாணத்துக்குப் பரியன் போகிறான். ஜோ அறியாமல் அவள் அப்பா அவனைத் தனியே கூட்டிப்போகிறார். பின்னாலேயே நுழைகிற சொந்தக்காரர்கள் அடிக்கிறார்கள், முகத்தில் சிறுநீர் கழிக்கிறார்கள். குட்டையில் நடந்தது இப்போது மனித முகத்தில் நடக்கிறது. முதல் காட்சியைக் கவனமாகப் பார்த்தவருக்கு இந்த இடத்தில் வயிறு கலங்கும். அப்பாவாக நடித்தவர் மாரிமுத்து, 2023இல் மறைந்தவர். கொடுமை செய்கிற முகமாக அதை அவர் வைத்துக்கொள்ளவில்லை. பயந்துபோன ஒரு நடுத்தர வயதுக்காரரின் முகம் அது. இவனோடு சேர்த்துத் தன் மகளையும் கொன்றுவிடுவார்கள் என்று அவரே கெஞ்சுகிறார். தன் சாதிக்குள்ளேயே அவர் சிறைப்பட்டிருப்பதை அந்தக் கெஞ்சல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பிரெஞ்சுப் படம் நினைவுக்கு வரும். பிரான்ஸுவா த்ரூஃபோ 1959இல் எடுத்த 'த 400 ப்ளோஸ்'. சிறுவன் அந்துவானைச் சீர்திருத்தப் பள்ளியில் அடைத்துவிடுகிறார்கள். பார்வையாளர் நாளன்று அவன் நண்பன் ரெனே சைக்கிள் மிதித்து வந்து சேர்கிறான். காவலாள் உள்ளே விடமாட்டேன் என்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு அனுமதி கிடைக்கிறது, அவளோ வந்து கடுமையாகத்தான் பேசுகிறாள். அவ்வளவு தூரம் மிதித்து வந்தவனுக்கு வாசலில் சொல்லிக்கொள்ள ஓர் உறவுமுறை இல்லை. அந்துவான் கடைசியில் கடலை நோக்கி ஓடுவதைத்தான் உலகமே பேசுகிறது. எனக்கு ரெனேயின் சைக்கிள் போதும். பாரிஸானாலும் நெல்லையானாலும் வாசலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நீ யாருக்கு என்ன வேண்டும்?

மண்டபத்தில் நடந்ததைப் பரியன் ஜோவிடம் சொல்வதில்லை. படத்தின் உச்சமான நுட்பம் இதுதான் என்பேன். அவள் கோபிக்கிறாள், ஏன் விலகுகிறாய் என்று கேட்கிறாள். அவன் வாங்கிக்கொள்கிறான். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் அப்பா அவள் கண்முன் சரிந்துவிடுவார். அந்த வாக்கியத்தை அவன் தொண்டையிலேயே வைத்திருக்கிறான்.

இதற்கு இணையாகப் படம் இன்னொன்றையும் வைத்திருக்கிறது. கல்லூரியில் அப்பாவை அழைத்து வரச் சொன்னதும் பரியன் முதலில் வேறு யாரையோ அப்பாவாக நடிக்கவைத்துக் கூட்டி வருவான். அவனுடைய நிஜ அப்பா பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞர். நெல்லை தங்கராசு என்ற நிஜக் கூத்துக் கலைஞரே அந்தப் பாத்திரத்தில் வாழ்ந்தார். ஒரு முறை வெட்கத்தால் தன் அப்பாவை மறைத்தவன், மறுமுறை இரக்கத்தால் அவள் அப்பாவை மறைக்கிறான். ஒரே பையனின் இரண்டு மௌனங்கள். இரண்டுக்கும் நடுவில் அவன் வளர்ந்துவிட்டிருப்பதை இயக்குநர் வசனத்தில் சொல்லாமல் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

ஜோ இவ்வளவு அப்பாவியாக இருக்கலாமா என்று சிலர் கேட்டதுண்டு. அந்த அப்பாவித்தனம் சரியாகவே வரையப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அவள் மானத்தின் பெயரால் ஒருவனை அடிக்கிறார்கள், அந்தச் செய்தி அவளுக்கே வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். தெரியாமல் இருக்க முடிவதே ஒரு வசதி. பரியனுக்கு அந்த வசதி ஒரு நாள்கூடக் கிடைத்ததில்லை.

பெண் பிள்ளைகளின் பக்கமிருந்து இதைப் பார்க்க இன்னொரு பிரெஞ்சுப் படம் உதவும். செலின் சியாமாவின் 'கேர்ள்ஹுட்', 2014. பாரிஸின் புறநகர் அடுக்குமாடிகளில் வாழும் கறுப்பினப் பெண்களின் கதை. தொடக்கத்தில் விளையாடி முடித்த பெண்கள் கூட்டமாகச் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். பையன்கள் நிற்கும் இடம் நெருங்க நெருங்க அந்தச் சத்தம் தேய்ந்து அடங்குகிறது. யாரும் அதட்டவில்லை. பிறகு ஒரு ஓட்டல் அறையில் தோழிகள் நீல வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். மரியெம் என்ற பெண்ணுக்கு அவள் தோழி 'விக்' என்று புதுப் பெயர் எழுதிய சங்கிலியை அணிவிக்கிறாள். வீடும் பள்ளியும் தராத ஒரு பெயரை நட்பு தருகிறது.

அந்தத் தேயும் சத்தத்தை நான் ஜெயங்கொண்டம் போகும் டவுன் பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். அரியலூரில் ஏறும் கல்லூரிப் பெண்கள் பஸ்ஸையே இரண்டாக்குவார்கள். டிபன் பாக்ஸ் மூடி கைமாறும், ஒரே இயர்போனின் இரு முனையும் இரண்டு காதில் இருக்கும். பின்படிக்கட்டில் நிற்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை போகும், அங்கிருந்து ஒன்று திரும்பி வரும். சிமெண்ட் லாரிகளின் வரிசை தாண்டி ஊர் நெருங்கும்போது, ஒருத்தி துப்பட்டாவைச் சரிசெய்வாள். அடுத்தவள் இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் வைப்பாள். நிறுத்தத்தில் இறங்கும்போது எல்லோர் முகமும் அம்மா அனுப்பிய காலை முகமாக மாறியிருக்கும். பையன்களில் ஒருவன் அங்கே இறங்காமல் காலனி நிறுத்தத்துக்குப் போவான். அவர்களுக்கும் அவனுக்கும் ஒரே ஊர்தான், பஸ் மட்டும் இரண்டு இடத்தில் நிற்கும். திரும்பிப் பார்ப்பவர் யாரும் இல்லை. பார்க்கவில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படத்தின் இறுதியில் ஜோவின் அப்பா வந்து நிற்கும்போது பரியன் பேசுகிறான். அவள் மேல் தனக்கு இருந்தது என்னவென்று தானே கண்டுகொள்வதற்கு முன்பே அதை நசுக்கிவிட்டீர்களே என்பதுதான் அவன் கேட்பது. காதலைப் பிரித்தார்கள் என்று நம் சினிமா ஆயிரம் முறை அழுதிருக்கிறது. காதலா நட்பா என்று தெரிந்துகொள்ள ஆகும் காலத்தையே பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒருவன் கேட்டது எனக்குத் தெரிந்து இங்கேதான். நாளை ஏதாவது மாறலாம் என்கிற தொனியில் அவர் பேசுகிறார். நீங்கள் மாறாதவரை எதுவும் மாறாது என்று அவன் மரியாதை குறையாமல் சொல்கிறான்.

கடைசிச் சட்டகம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டு தேநீர் டம்ளர்கள், நடுவே ஒரு மல்லிகைப் பூ. இரட்டைக் குவளை என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்த இரண்டு டம்ளர்களைப் பார்த்தவுடன் மனம் ஒரு கணம் இறுகும். ஆனால் இவை ஒரே பலகைமேல், ஒரே உயரத்தில், அருகருகே நிற்கின்றன. ஒட்டவில்லை. பூ நடுவில் கிடக்கிறது. அது இணைக்கிறதா, பிரிக்கிறதா என்று இயக்குநர் சொல்லவில்லை.

பரியனும் ஜோவும் சேர்ந்தார்கள் என்று அந்தப் பூவை வைத்து முடிவு செய்பவர்கள் உண்டு, பிரிந்தார்கள் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் தோன்றவில்லை. அந்த உறவை அவர்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். முடித்துவிட்டதாகச் சொல்ல முடியாது, இல்லையென்று விடவும் முடியாது. பாலக்கரை பேனரில் யாரோ ஒரு பிள்ளையின் பட்டத்துக்கு மேல் ஓடும் அதே கோடு இதன் மேலும் ஓடுகிறது. அதை அழிக்க வேண்டியவர்கள் அந்த இரண்டு பிள்ளைகள் அல்லர், மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் நாம்.