நிலவுக்கு வெளியே மதுவிலக்கு

யாழ்ப்பாணச் சாதியத்தைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் என்.கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ (1951) சிறுகதை நினைவுகூரப்படுகிறது. அதில் வரும் பெரியவர் மதுவிலக்குக் கூட்டத்தில் முழங்கிவிட்டு வருபவர் என்பதைப் பலர் கடந்துபோகிறார்கள். எனக்கு அதுவே கதையின் உயிர். தம்மைத் தேடிவந்த தாழ்த்தப்பட்டோரை வீட்டுக்குள் அழைக்க மனமின்றி, நிலவைச் சாட்டாக வைத்து வெளியே கூட்டிப்போகிறார். ரகுநாதன் அவரைத் திட்டவில்லை, தலைப்பே போதும்.

மது ஹராம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அரசு தவறணையை மூடவேண்டுமா என்பது வேறு கேள்வி. பனையேறுபவனுக்கு வேறு பிழைப்பை விட்டுவைக்காத சமூகம், அவன் முட்டியை மட்டும் உடைக்கச் சொல்வது எந்த நியாயம்? மதீனாவில், படிப்படியாக வசனங்கள் இறங்கி முழுத்தடை வந்த நாளில், தோழர்கள் தெருவில் ஊற்றியது தத்தம் வீட்டு மதுவை. ரகுநாதனின் பெரியவரோ பிறர் முட்டியைக் கவிழ்க்கப் புறப்பட்டவர்.

1972இல் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தபோது அரசு தொழிலை ஒழுங்குபடுத்தியது; தொழிலாளியின் சோற்றில் கைவைக்கவில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது, புகையிலை விற்பதையும் அவற்றின் விளம்பரத்தையும் தடைசெய்தது. இத்தகைய கட்டுப்பாடுகளை நான் ஆதரிக்கிறேன். முழுத்தடை கேட்கும் நம்மவர் சிலரின் கடைகளிலேயே சிகரட் பெட்டிகள் (பீடியை விடுங்கள்) அடுக்கியிருக்கின்றன. அவர்களும் இக்கதையை ஒருமுறை வாசிக்கலாம்.