கல்லூரி மதிலுக்குள் ஒரு தேசிய அணி

இலங்கை றக்பி அணி இன்றுவரை ஓர் உலகக் கிண்ணத்திலும் ஆடியதில்லை. ஆனால் கொழும்பு ரோயலும் கண்டி டிரினிட்டியும் மோதும் பிராட்பி கேடயப் போட்டியன்று மைதானத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. அவுஸ்திரேலியாவிலும் இலண்டனிலும் குடியேறிவிட்ட பழைய மாணவர்கள் அந்த ஒரு போட்டிக்காக விமானம் ஏறி வருகிறார்கள். கல்லூரிக்கு இப்படி வாரி வழங்கப்படும் அன்பு நாட்டின் அணிக்கு வாய்ப்பதில்லை. நம் றக்பியின் பெருமையும் அதன் தேக்கமும் இந்த ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் கணிப்பு.

முதலில் பெருமையைச் சொல்ல வேண்டும். 1879இல் கொழும்பில் வெள்ளைக்காரர் கழகம் தொடங்கினார்கள். பிறகு தோட்டத்துரைமார் திம்புள்ள, டிக்கோயா, ஊவா என்று மலையெங்கும் அணி கட்டினார்கள். இதே காலத்தில் கல்கத்தாவில் இருந்த றக்பிக் கழகம் ஆள் குறைந்து கலைந்தது. மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் இன்றும் அந்தக் கிண்ணத்துக்காகவே ஆடுகின்றன. இலங்கையில் அப்படி நேராமல் காத்தவை பாடசாலைகள். 1891இல் எல். ஈ. பிளேஸ் கண்டி கிங்ஸ்வுட் கல்லூரியில் உள்ளூர்ப் பிள்ளைகளின் கையில் பந்தைக் கொடுத்தார். 1906இல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் மோதின. நாட்டின் முதல் பாடசாலைப் போட்டி அதுதான். இரண்டு ஆண்டுகளில் தேசியச் சங்கமும் பிறந்தது. துரைமார் கப்பலேறிய பிறகும் ஆட்டம் இங்கே வேர் பிடித்து நின்றதற்குக் கழகங்களைவிடக் கல்லூரிகளுக்கே அதிகம் நன்றி சொல்ல வேண்டும்.

1950இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி 44–6 என்று வென்றது. அந்த இலங்கை அணியில் ரோயலில் வளர்ந்த சம்மா நவரத்தினமும் ஆடினார். அக்காலத்து ஆசியாவின் அதிவேக ஓட்டக்காரர்களில் ஒருவரான தமிழர் அவர். 1974இல் கொழும்பில் நடந்த ஆசியச் சுற்றுப்போட்டியில் நாம் ஜப்பானுக்கு அடுத்த இடத்தில் நின்றோம். பாடசாலை வழி வந்தவர்களால்தான் இவையெல்லாம் முடிந்தன. பன்னிரண்டு வயதில் பந்தைத் தொடுகிற பிள்ளைக்கு ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் போட்டி இருக்கிறது, பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்கப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. நம்மவர்கள் உடம்பில் சிறுத்தவர்களாக இருந்தும் பந்தைக் கைமாற்றி ஓடுவதில் கெட்டிக்காரர்களாக வளர்வது இதனால்தான்.

இனிக் குறைக்கு வருவோம். 2014 மே மாதம் நகோயாவில் ஜப்பான் நம்மை 132–10 என்று தோற்கடித்தது. ஆசியாவில் ஒரு காலத்தில் முதலும் இரண்டும் ஆக நின்ற இரண்டு நாடுகளுக்கு இடையில் இவ்வளவு தூரம் எப்படி விழுந்தது? அங்கே பாடசாலையில் தொடங்கும் பையன் பல்கலைக்கழக அணிக்குப் போகிறான். அதன் பிறகு ஒரு நிறுவனத்தின் அணியில் சம்பளத்தோடு முப்பது வயதுவரை ஆடுகிறான். நகோயாவுக்கு மறு ஆண்டே அந்த ஜப்பான் உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவை 34–32 என்று வீழ்த்தியது. இங்கே பத்தொன்பது வயதில் பிராட்பி விளையாடி முடிந்ததும் பையனின் பெரிய நாள் கழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு படிப்பு, வெளிநாடு, வேலை. முன்வரிசை ஆட்டக்காரனின் கழுத்தும் தோளும் முறுக்கேறுவதோ அந்த வயதுக்குப் பிறகுதான். நாம் ஓட்டத்தில் ஈடுகொடுத்தும், இரு அணியும் தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் நசுங்குவதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஆகவே ஏறுவதும் இறங்குவதுமாகவே காலம் போகிறது. 2011இல் ஆசியாவின் மேல்தட்டில் ஆடி அடுத்த ஆண்டே கீழே வந்தோம். 2013இல் மேல்தட்டுக்குக் கீழான முதலாம் பிரிவை வென்று ஏறியதன் முடிவுதான் நகோயா. 2024இல் கொழும்பில் மறுபடி வென்று, 2025இல் ஹொங்கொங், தென்கொரியா, ஐக்கிய அரபு அமீரகத்தோடு ஆடினோம். 2027 உலகக் கிண்ணச் சீட்டை ஹொங்கொங் எடுத்துக்கொண்டது. நடுவில் 2023இல் விளையாட்டு அமைச்சு சங்கத்தின் நிர்வாகத்தில் கை வைத்ததால் உலக றக்பி அமைப்பு நம்மை இடைநிறுத்திய வெட்கமும் உண்டு.

என்னை அதிகம் உறுத்துவது அடித்தளத்தின் ஒடுக்கம். கொழும்பு, கண்டி, கொஞ்சம் சுற்றுப்புறம் என்று எண்ணிவிடக்கூடிய கல்லூரிகளிலிருந்தே தேசிய அணி வருகிறது. கிழக்குக் கரையில் எங்கள் குச்சவெளியில் பிள்ளைகள் உதைபந்தும் கிரிக்கெட்டும் கரப்பந்தும் ஆடுகிறார்கள். முட்டைப் பந்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். முப்பத்தைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், திருகோணமலையில், நாட்டின் மிகப் பெரிய கடற்படைத் தளம் இருக்கிறது. கடற்படைக் கழகமோ நாட்டின் முன்னணி றக்பி அணிகளில் ஒன்று. அந்த ஆட்டம் முகாமின் முள்வேலியைத் தாண்டி நிலாவெளி வீதியில் வடக்கே வரவில்லை. போர்க்காலத்தில் வராததற்குக் காரணம் புரிகிறது. 2009இல் போர் முடிந்த பிறகும் வராததற்கு அக்கறையின்மை தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கரைவலை இழுக்கும் நேரம் எங்கள் கரையில் நின்று பாருங்கள். குதிகாலை மணலில் புதைத்து, முதுகைப் பின்னே சாய்த்து, ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றோடு பின்வாங்குவார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிடிப்பான். வலையின் மடி கரையேறும்வரை ஒருவனும் தாளம் தப்புவதில்லை. இந்த உடம்புகளைக் கொண்டு உடனே ஓர் அணி கட்டிவிடலாம் என்று உற்சாகமாகப் பேசுபவர்கள் உண்டு. அதை நான் ஒப்பவில்லை. எதிரியை மறிக்கும்போது தலையை எந்தப் பக்கம் வைப்பது, ஸ்க்ரமில் கழுத்தை எப்படிக் காப்பது என்பதைச் சிறுவயதிலேயே தகுந்த ஆளிடம் பழகாதவன் முள்ளந்தண்டு முறிந்து கிடப்பான். பலம் இருக்கிறது, கற்றுக்கொடுக்க ஆள் இல்லை.

பரம்பரைக் கல்லூரிகள் இல்லாமல் தரம் வராது என்று வாதிடுபவர்களுக்கு வலைப்பந்தைக் காட்டுவேன். யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இல்லாமல் 2009இலும் 2018இலும் இலங்கை பெற்ற ஆசியக் கிண்ணங்களை நினைத்துப் பார்க்க முடியுமா? அவரைத் தேடிக் கண்டெடுக்க அந்த விளையாட்டில் வழி இருந்தது. றக்பியில் அந்த வழி இன்னும் திறக்கவில்லை.

பிராட்பியைக் குறைக்கச் சொல்லவில்லை. அது இருக்கட்டும், இன்னும் பெருகட்டும். இலங்கை றக்பிச் சங்கத்திடமும் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் கேட்பது சிறிய காரியம்: நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரையுள்ள தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகளுக்குப் பொதுவாகத் தமிழும் சிங்களமும் பேசும் இரண்டு பயிற்றுநர்களை ஐந்து ஆண்டுகளுக்கு நியமியுங்கள். முதல் இரண்டு ஆண்டும் மோதலில்லாத தொடு றக்பி போதும், மணலிலேயே ஆடலாம். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு திருகோணமலையில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு ஒரு சுற்றுப்போட்டி வையுங்கள், தேசியத் தெரிவாளர் ஒருவரை அதற்கு அனுப்புங்கள்.