வெட்டில் தெரியும் வலி

மனம் சிதைந்தவரைத் திரையில் காட்ட சினிமாவிடம் ரெடிமேட் சாமான்கள் உண்டு: கலைந்த தலை, வெறித்த பார்வை, பின்னணியில் அழும் வயலின். தோஷியோ மாட்சுமோட்டோ 1969-இல் எடுத்த ஜப்பானியப் படம் 'ரோஜாக்களின் இறுதி ஊர்வலம்' இந்தச் சாமான்களை நம்பி நிற்கவில்லை. வலியைச் சொல்லும் வேலையை அவர் எடிட்டிங்கிடம் ஒப்படைத்துவிட்டார்.

டோக்கியோவின் ஷின்ஜுகுவில் 'ஜெனே' என்றொரு பார். அந்நாளில் 'கே பாய்' எனப்பட்டவர்கள் பெண்ணுடையில் வாடிக்கையாளர்களை உபசரிக்கும் இடம். அங்கே எடிதான் நட்சத்திரம். முதலாளி கோண்டாவுக்காக எடிக்கும் மூத்தவள் லேடாவுக்கும் போட்டி. அடியில் ஓடுவது ஈடிபஸ் கதை, தலைகீழாக: இங்கே கொல்லப்படுவது தாய், காதலனாக வந்து சேர்வது தந்தை.

சிறுவயது எடி கண்ணாடி முன் நின்று லிப்ஸ்டிக் பூசிப் பார்க்கிறாள். தாய் கண்டுவிடுகிறாள்; அடி விழுகிறது. வழக்கமான படத்தில் இது ஒரே ஃப்ளாஷ்பேக்கில் முடிந்திருக்கும். மாட்சுமோட்டோ கடந்தகாலத்தைச் சில்லுகளாக உடைத்துப் படம் நெடுக இறைக்கிறார். சிரிக்கும் தாயின் முகம் கேட்காமல் வந்து நிற்கிறது. என்ன என்று பிடிபடுவதற்குள் மறைகிறது. குடும்பப் புகைப்படத்தில் தந்தையின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சுட்டெரித்த ஓட்டை. எடிக்கு நினைவு எப்படி வருமோ, அதே ஒழுங்கின்மையில்தான் நமக்கும் வருகிறது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் விளக்காமலே புரிந்துவிடுகிறது.

இதைவிடத் துணிச்சலானது இன்னொன்று. கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு நடிகர்களையே பேட்டி காண்கிறார். பலர் தொழில்முறை நடிகர்களே அல்ல, அந்த வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள். ஏன் இப்படி ஆனீர்கள் என்ற கேள்விக்குச் சலனமில்லாமல் பதில் சொல்கிறார்கள். எடியாக நடித்த பீட்டரும் கேமரா முன் வந்து பேசுகிறார். (பின்னாளில் குரோசாவாவின் 'ரான்' படத்தில் கோமாளியாக வந்தவர் இவரே.) அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கத் தீர்மானித்தது 1973-இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் பேட்டிகளின் கனம் விளங்கும். எடியின் காயம் வீட்டில் விழுந்தது; அவள் உடுத்தும் உடையில் நோய் எதுவும் இல்லை. கதையும் பேட்டியும் மாறிமாறி வருவதால் இந்த வேறுபாடு தானாகத் துலங்குகிறது.

படம் ஓயாமல் அழுதுகொண்டும் இருப்பதில்லை. சண்டை வேகமாக ஓட்டப்பட்டுக் கூத்தாகிறது. காமிக்ஸ் போலப் பேச்சுக் குமிழ்கள் முளைக்கின்றன. ரத்தம் சிந்தும் உச்சகட்டத்திலேயே திரை விமர்சகர் நகஹாரு யோடோகாவா நிஜமாகவே தோன்றி உற்சாகமாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்.

கடைசியில் எடியின் கண்கள்தான் பலியாகின்றன. மாறுபட்டவர்களைத் திரையில் கடைசியில் தண்டிக்கும் பழைய வழக்கம்தானே இதுவும் என்று கேட்டால், அந்தக் குறையை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வழக்கத்தில் வரும் படங்கள் முதலில் நம்மிடம் பரிதாபத்தைக் கறந்துவிட்டுத்தான் ஆளைக் கொல்லும். மாட்சுமோட்டோ நாம் பரிதாபப்படத் தயாராகும் போதெல்லாம் குறுக்கே ஒரு வெட்டு வெட்டுகிறார். உச்சுக்கொட்ட வழியில்லாதபோது, எதிரே இருப்பவரைச் சரிசமமாகப் பார்ப்பதைத் தவிர நமக்கு வேறு வேலை இல்லை.